விரல் வீங்குன உடனே பாக்கணும், கோணுன பிறகு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல முட்டி தேய்மானம் பத்தி, மூட்டு மாத்துற ஆபரேஷன் பத்தி அப்பப்ப வருது, நானும் விடாம படிக்கிறேன், வயசானவங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கு. ஆனா எங்க ராமநாதபுரம் கடற்கரையில முப்பது நாப்பது வயசுலயே பொம்பளைங்க கைய முடக்கிப் போடுறது தேய்மானம் கெடையாது. அது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கற முடக்குவாதம், ஆரம்பத்துலயே சரியான வைத்தியம் கெடைச்சா பெரும்பாலானவங்களுக்கு கை கோணாம காப்பாத்திடலாம், கெடைக்காததுனாலதான் கோணுது. அந்த ஆரம்பத்துல என்னென்ன குறுக்க நிக்குதுன்னு நான் பாத்தத எழுதுறேன். மண்டபம் பக்கத்துல கிராம சுகாதார நர்ஸா பல வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவ நான், கடிதம் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், தயவுசெஞ்சு சுருக்காம போடுங்க.

மொதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிடுறேன். தேய்மானம்னா வயசு ஏற ஏற குருத்தெலும்பு தேயுறது, காலையில எந்திரிச்சா கொஞ்ச நேரம் புடிச்சாப்ல இருக்கும், அரை மணிக்குள்ள விட்ரும், ஆனா நடக்க நடக்க வலி கூடும். முடக்குவாதத்துல ஒடம்போட எதிர்ப்பு சக்தியே தெசை மாறி சொந்த மூட்டோட உள்சவ்வ தாக்குது, சவ்வு வீங்கித் தடிச்சு பக்கத்து எலும்ப அரிக்க ஆரம்பிக்குது. பெரும்பாலும் மொதல்ல வர்றது கைவிரல் கணு, மணிக்கட்டு, கால்விரலோட அடிக்கணு, அதுவும் ரெண்டு பக்கமும். காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல வெரல மடக்க முடியாது, பல் வெளக்க பிரஷ்ஷ புடிக்க முடியாது, வேல செய்யச் செய்ய கொஞ்சம் இளகும். ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். எலும்பு அரிப்பு பல பேருக்கு மொத ரெண்டு வருஷத்துக்குள்ளயே வந்துருது, அரிச்ச எலும்ப பழையபடி ஆக்குறதுக்கு மருந்து இல்ல. அதனாலதான் ஐரோப்பா வாதநோய் டாக்டருங்க வழிகாட்டுதல்ல, வீக்கம் ஆரம்பிச்ச 6 வாரத்துக்குள்ள ஸ்பெஷலிஸ்ட் பாக்கணும், 3 மாசத்துக்குள்ள நோய கட்டுப்படுத்துற மாத்திரை ஆரம்பிச்சிருக்கணும்னு சொல்றாங்க. எங்க பக்கம் 6 வாரம்ங்கறது மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போடுறதுக்கே பத்தாது.

ஏன் இவ்வளவு லேட் ஆகுதுன்னா, எங்க ஊர்ல கை வலிக்கு காரணம் தேடவே வேண்டியதில்ல, காரணம் முன்னாடியே ரெடியா இருக்கு. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போற பொம்பளைங்கள பாத்திருப்பீங்க, பாறையில வெரல் கிழியாம இருக்க ஒவ்வொரு வெரலுக்கும் பழைய சேலைத் துணிய கிழிச்சு சுத்தி கட்டிட்டுதான் கடல்ல எறங்குவாங்க, மணிக்கணக்கா தண்ணிக்குள்ளயே கெடப்பாங்க. அந்த துணிக்கட்டுக்குள்ள கணு வீங்கியிருந்தா யாருக்குத் தெரியும்? நான் கேட்ட ஒரு தங்கச்சி, "அக்கா, இப்பல்லாம் காலையில துணிய நானே கட்ட முடியல, பல்லால முடிச்சு போடுறேன்"னு சொன்னா. எப்ப இருந்துன்னு கேட்டா பொங்கலுக்கு முன்னாடி இருந்துன்னா, நான் கேட்டது சித்திரை கடைசியில. அவ ஒருத்தர்கிட்டயும் காட்டல, ஏன்னா "உப்புத்தண்ணியில ஊறுற கை அப்படித்தான இருக்கும்". இதே மாதிரிதான் வலை பின்னுறவங்க நூல இழுத்து இழுத்து வலிக்குதும்பாங்க, ஓலை முடையுறவங்க ஓலை மேல பழி போடுவாங்க, வாலிநோக்கம் உப்பளத்துல வேல பாக்குறவங்க உப்பு மேல. வேல பாத்தா வலிக்கும்தான், நான் இல்லங்கல. ஆனா வேல பாத்த வலி ராத்திரி படுத்து தூங்குனா குறையும், தூங்கி எந்திரிச்ச பிறகுதான் வெரல் கல்லா கெட்டிச்சுக் கெடக்குன்னா அது வேலையால வந்தது இல்ல, இந்த ஒரு விஷயம் வீட்டுக்கு வீடு தெரிஞ்சிருந்தாலே பாதி காலதாமதம் கொறைஞ்சிரும்.

அப்புறம் சிக்குன்குனியா. 2006ல அது வந்து ஊரே சுருண்டு கெடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காய்ச்சல் விட்டும் மாசக்கணக்குல மூட்டு வலி நின்னுச்சு. அதுல இருந்து எந்த மூட்டு வலி வந்தாலும் "அந்த காய்ச்சலோட மிச்சம்"னு சொல்லிடுறாங்க, காய்ச்சலே வராதவங்க கூட. காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற மூட்டு வீக்கம்கூட ஆறு வாரம் தாண்டி நிக்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டி பாத்துக்கத்தான் வேணும்.

இப்ப நான் ரொம்ப வேதனைப்படுற விஷயத்துக்கு வர்றேன், ஊசி. வலி தாங்காம பக்கத்துல இருக்குற ஏதோ ஒரு கிளினிக்குக்கோ, படிப்பே இல்லாம ஊசி போடுறவங்ககிட்டயோ போறாங்க, ஒரு ஊசி போட்டு பேப்பர்ல மடிச்சு கலர் கலரா நாலு மாத்திரை குடுக்குறாங்க, என்ன மாத்திரைன்னு பேரு கெடையாது சீட்டு கெடையாது. மறுநாளே வெரல் மடங்குது. "கைராசிக்காரர்"னு ஊரெல்லாம் பேரு. அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், ஸ்டீராய்டு போட்டா வீக்கம் டக்குனு வடியத்தான் செய்யும். ஸ்டீராய்டே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், வாத டாக்டருங்களே மத்த மாத்திரை வேல செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் கொறைஞ்ச அளவுல கொஞ்ச நாளைக்கு எழுதி பிறகு படிப்படியா கொறைப்பாங்க. ஆனா நோய கட்டுப்படுத்துற மாத்திரை எதுவும் இல்லாம ஸ்டீராய்ட மட்டும் மாசக்கணக்கா போட்டா, பொகைய விசிறி விட்டுட்டு தீ அணைஞ்சிருச்சுன்னு உக்காந்திருக்குற கதைதான். மொகம் உப்பும், சுகர் ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பஞ்சாகும், திடீர்னு நிறுத்துனா ஒடம்பு தாங்காம தலை சுத்தி விழுறவங்களும் உண்டு. இன்னொரு கொடுமை என்னன்னா அந்த ஊசிய போட்டுக்கிட்டு பெரிய டாக்டர்கிட்ட போனா அன்னைக்கு வீக்கமே தெரியாது, அவரு அமுக்கி பாத்துட்டு ஒண்ணும் இல்லையேன்னு அனுப்பிடுவாரு. பஸ் ஸ்டாண்டு பக்கம் லேபிள் இல்லாம விக்கிற வாதப் பொடியிலயும் இதே ஸ்டீராய்ட கலந்து விக்கிறது பல எடத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. முறையா படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போறவங்கள நான் கொறை சொல்லல, சித்த மருத்துவர்கிட்ட என்ன சாப்புடுறோம்னு இங்கிலீஷ் டாக்டர்கிட்டயும், இங்கிலீஷ் டாக்டர்கிட்ட என்னன்னு சித்த மருத்துவர்கிட்டயும் சொல்லிட்டா போதும், பேரில்லாத பொட்டணம் மட்டும் வேணவே வேணாம்.

டெஸ்ட் எடுக்குறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. எக்ஸ்ரே எடுத்து "எலும்பு நல்லா இருக்கு"ன்னு சொல்லிடுறாங்க, ஆரம்பத்துல எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியாது, தெரியுதுன்னா அரிப்பு ஏற்கனவே வந்துருச்சுன்னு அர்த்தம். ஆர்.ஏ. ஃபேக்டர்னு ஒரு ரத்த டெஸ்ட், அது நெகட்டிவ்னா வாதம் இல்லன்னு பேப்பர மடிச்சு கையில குடுத்துடுறாங்க. நோய் இருக்குறவங்கள்லயே அஞ்சுல ஒருத்தருக்காவது அது நெகட்டிவாத்தான் இருக்கும், நோய் இல்லாதவங்களுக்கும் சில சமயம் பாசிட்டிவ் காட்டும். ஆன்டி சி.சி.பி.ங்கற டெஸ்ட் இன்னும் தெளிவா சொல்லும், ஆனா அதுக்கு காசு ஜாஸ்தி. இதுல எதுவுமே இல்லாம, வரிசையா இருக்குற வெரல் அடிக்கணுவ ரெண்டு பக்கமும் புடிச்சு லேசா அமுக்குனா ஆளு சுருக்குனு கைய இழுக்குதான்னு பாக்குறது ஒண்ணு இருக்கு. ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட். வீக்கமும் காலைப் பிடிப்பும் இருந்து இப்படி அமுக்குனா வலிக்குதுன்னா ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம அனுப்பிடணும்.

எங்க அனுப்புறதுங்கறதுதான் அடுத்த கேள்வி. மூட்டு வலின்னா எல்லாரும் போறது எலும்பு டாக்டர்கிட்ட, அவங்க ஆபரேஷன் டாக்டர், இது வாதநோய் டாக்டர் பாக்க வேண்டியது. எங்க பக்கம் யாரக் கேட்டாலும் வாத டாக்டர்னா மதுரைன்னுதான் சொல்லுவாங்க. ராமேஸ்வரத்துல இருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் கிட்ட வரும். பழைய பாம்பன் பாலத்துல ரயில் நின்ன 2022 டிசம்பர்ல இருந்து புதுப் பாலம் தெறந்த 2025 ஏப்ரல் வரைக்கும் தீவு ஆளுங்க மண்டபத்துக்கு பஸ்ல வந்து அங்க இருந்துதான் ரயிலப் புடிக்கணும், வெடியக்காலைல வெரலே மடங்காத ஒருத்தி பஸ் கம்பிய எப்படி புடிச்சு ஏறுவா? பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீங்கறது பெரிய உதவி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு காசில்லாம போயிரலாம், ஆனா மதுரை பஸ்ஸுக்கு அது கெடையாது. கூட ஒரு ஆளு வரணும், ரெண்டு பேரு சம்பளம் போகும், டிக்கெட், சாப்பாடு, டெஸ்ட்டு. காப்பீட்டு அட்டை பெட்ல சேர்ந்து பாக்குற வைத்தியத்துக்குத்தான் பெருசா கை கொடுக்குது, மாசாமாசம் ரத்த டெஸ்ட்டுக்கும் மாத்திரைக்கும் கையில இருந்துதான் போகுது. அதுலயும் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், வீட்டுல பணப்புழக்கமே இருக்காது. நான் கவனிச்ச வரைக்கும் மாத்திரைய பாதியில விடுறவங்க நெறைய பேரு அந்த மாசங்கள்லதான் விடுறாங்க, ஆடியில வீங்கிட்டு வந்து நிப்பாங்க.

மாத்திரைன்னதும் மெத்தோட்ரெக்சேட் பத்தி சொல்லியே ஆகணும். முடக்குவாதத்துக்கு உலகம் பூரா மொதல்ல எழுதுறது அதுதான், வெலையும் ஒண்ணும் அதிகம் இல்ல. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுற மாத்திரை, கூட வேற ஒரு நாள் ஃபோலிக் ஆசிட்ங்கற வைட்டமின் மாத்திரை. வேல செய்ய ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் ஆகும், இத யாரும் பொறுமையா சொல்லாததுனால ரெண்டு வாரத்துல "கேக்கல"ன்னு விட்டுட்டு திரும்ப ஊசிக்கே போயிடுறாங்க. அதவிட மோசம், தெனமும் ஒண்ணுன்னு நெனச்சு போட்டுட்டா வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணு கொறைஞ்சு உசுருக்கே ஆபத்தாயிரும். அதனால நான் வேலையில இருந்தப்ப ஒரு வழக்கம் வச்சிருந்தேன், தங்கச்சிமடம் பக்கத்து அக்காமாருக்கு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சாப்புட்டு போடுங்கன்னு சொல்லிடுவேன், பெரியபட்டினம் லாத்தாமாருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி, மாத்திரை அட்டை மேலயே மார்க்கர்ல கெழமைய எழுதி குடுத்துருவேன். எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட கெழமைய மறக்க மாட்டாங்க. ஈரலையும் ரத்த அணுவையும் பாக்குறதுக்கு ஆரம்பத்துல அடிக்கடியும் பிறகு மூணு மாசத்துக்கு ஒருக்காவும் ரத்தம் குடுக்கணும், சாராயம் தொடக்கூடாது, பொம்பளைங்க இந்த மாத்திரையில இருக்கும்போது கர்ப்பம் தரிக்கக்கூடாது.

"இது கேன்சர் மாத்திரையாச்சே, ஒங்களுக்கா"ன்னு மெடிக்கல்ல யாராவது ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சது, வீட்டுக்கு வந்து அட்டைய தூக்கி எறிஞ்சிடுவாங்க. கேன்சருக்கும் குடுக்குறாங்கதான், ஆனா அங்க குடுக்குற அளவே வேற, வாதத்துக்கு குடுக்குறது ரொம்ப ரொம்ப கம்மி. இத மருந்துக்கடைக்காரங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், நீங்க சொல்ற ஒரு வார்த்தைக்கு டாக்டர் வார்த்தைய விட எங்க ஊர்ல மதிப்பு ஜாஸ்தி.

கல்யாணம் ஆகாத புள்ளைங்க கதை இன்னும் கஷ்டம். வெரல் வீங்குனா தாவணிக்குள்ள கைய மறைச்சுக்குவாங்க, "வாதம்னு தெரிஞ்சா மாப்ள வருவானா"ன்னு ஆத்தாமாரே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகாம வச்சிருப்பாங்க. அந்த ஆத்தாமாருக்கு சொல்றேன், ஆரம்பத்துலயே பாத்தா அந்த புள்ள நல்லாருக்கும், கல்யாணம் பண்ணலாம், டாக்டர்கிட்ட சொல்லி முன்கூட்டியே மாத்திரைய மாத்திக்கிட்டு புள்ளையும் பெத்துக்கலாம், மறைச்சு வச்சா ரெண்டு மூணு வருஷத்துல ஊருக்கே தெரியுற மாதிரி கை கோணி நிக்கும். ஆம்பளப் பசங்களுக்கும் ஒண்ணு இருக்கு, இருவது இருவத்தஞ்சு வயசுல நடுராத்திரிக்கு மேல இடுப்பு வலியில முழிப்பு வருது, எந்திரிச்சு நடந்தா தேவலாம்னா அது போட்ல வலை இழுத்த வலி இல்லாம தண்டுவட வாதமா இருக்கலாம், அதுக்கும் இதே வாத டாக்டர்தான்.

இங்கிலாந்துல இந்த நோய்க்குன்னே ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மூட்டு வீங்குன ஆளு லோக்கல் டாக்டர்கிட்ட போனா 3 வேலை நாளுக்குள்ள ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதணும், அங்க 3 வாரத்துக்குள்ள பாத்தாகணும். 2018ல இருந்து எந்த ஆஸ்பத்திரி எத்தன பேர அந்த கெடுவுக்குள்ள பாத்துச்சுன்னு நாடு பூரா எண்ணி வெளியிடுறாங்க. அங்கயும் எல்லாரையும் அந்த கெடுவுக்குள்ள பாத்துட முடியல, ஆனா எண்ணுறதுனால எங்க அடைபடுதுன்னு தெரியுது. அதவிட எனக்கு புடிச்சது, வாதத்துக்குன்னு தனியா பயிற்சி எடுத்த நர்ஸ் இருக்காங்க, நோயாளி போன் பண்ணலாம், மாத்திரை ஒத்துக்கலன்னா, வீக்கம் திரும்ப வந்தா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் தவிக்க வேண்டியதில்ல. நர்ஸா இருந்தவ சொல்றேன், நோயாளி மாத்திரைய விடுறது பெரும்பாலும் ஒரு சின்ன சந்தேகத்துலதான், அந்த சந்தேகத்த கேக்க ஒரு ஆளு இருந்தா விட மாட்டாங்க.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லன்னு சொல்லவே வேண்டியதில்ல, பாதி நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலர் பொண்ணுங்க வீடு வீடா வந்து சுகரும் பிரஷரும் பாக்குறாங்க, மாத்திரை குடுக்குறாங்க, பிசியோதெரபி கூட வீட்டுக்கே வருது. அதே பொண்ணுங்க வாசல்ல நின்னு இன்னும் மூணு கேள்வி கேக்கட்டும்: காலையில வெரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுது, எந்த கணுவாச்சும் வீங்கியிருக்கா, இப்படி அமுக்குனா வலிக்குதா. ஒரு மத்தியான பயிற்சி போதும் இதுக்கு. ஆமான்னு சொன்னவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும், அங்க டாக்டர் ஒடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட் பாத்துட்டு, அரசாங்கத்தோட இ-சஞ்சீவனி மாதிரி வீடியோ வழியா வாத டாக்டர்கிட்ட காட்டலாம். மாவட்டத் தலைநகர்ல மருத்துவக் கல்லூரி வந்துருச்சு, அங்க வாரத்துல ஒரு நாள் புதுசா மூட்டு வீங்குனவங்களுக்குன்னே ஒதுக்கி, இந்த நாள்தான்னு தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் போர்டு எழுதிப் போடணும், டாக்டர் மதுரையில இருந்து வந்து போனாலும் சரி. நோய் இன்னதுன்னு முடிவாகி மாத்திரை ஆரம்பிச்ச பிறகு ரத்தம் எடுக்குறது, மாத்திரை குடுக்குறது ரெண்டையும் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே செய்யலாம், சுகருக்கு செய்யுறோமே. தடைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மாச மாத்திரைய சேத்து குடுத்து நடுவுல ரத்தம் மட்டும் உள்ளூர்ல பாத்துக்கிட்டா விட்டுப்போறது நிக்கும். ஒரு நர்ஸுக்கு பயிற்சி குடுத்து ஒரு போன் குடுங்க. இதுல எதுக்கும் பெரிய கட்டடமோ மெஷினோ தேவைப்படல.

சுகாதாரத் துறை அதிகாரிங்க இத படிச்சா எங்க கடற்கரையில ஒரு வட்டாரத்துலயாவது ஆரம்பிச்சு பாக்கணும்னு கேட்டுக்குறேன். வீக்கம் வந்த தேதி, டாக்டர் பாத்த தேதி, மாத்திரை ஆரம்பிச்ச தேதின்னு மூணே மூணு தேதிய ஒரு நோட்டுல எழுதி வச்சா போதும், ஒரு வருஷத்துல எங்க லேட் ஆகுதுன்னு அவங்களுக்கே வெளங்கிரும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வர்ற அக்டோபர் 12 உலக ஆர்த்ரைட்டிஸ் தினத்துக்கு இந்த விஷயத்த ஒரு பக்கமா போடுங்க, வாத டாக்டர் யாரையாவது எழுதச் சொல்லுங்க. போடும்போது அந்த மூணு கேள்விய மட்டும் தனியா கட்டம் கட்டி போடுங்க, எங்க பக்கம் டீக்கடையிலயும் ஏலக்கூடத்துலயும் அத வெட்டி ஒட்டி வைக்க நான் ஆளு பாத்துக்குறேன். மெத்தோட்ரெக்சேட் பேரு எங்க வந்தாலும் பக்கத்துலயே "வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்"னு தடிச்ச எழுத்துல போட மறந்துறாதீங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.